முந்திரிக்கொத்தில் முந்திரி எங்கே? நம் வீட்டுக் கிறிஸ்மஸ் வழக்கங்கள்



சென்ற டிசம்பர் மாதத்தில் ஒருநாள் மாலை, பெண்கள் வார்டில் ஜெபித்துக்கொண்டு வந்தேன். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு ஆச்சி, துணைக்கு வந்திருந்த பேரனிடம், "வீட்டுல ஸ்டார் கட்டியாச்சாலே?" என்று கேட்டார்கள். பையன் கல்லூரியில் படிக்கிறவன், கூட்டங்களுக்கெல்லாம் போகிறவன். "ஸ்டார் கட்டணும்னு வேதத்துல எங்க ஆச்சி இருக்கு? கேக்கு, மரம், தாத்தா எல்லாம் மனுஷன் உண்டாக்கினதுதானே?" என்றான். ஆச்சி கொஞ்சமும் அசரவில்லை. "இட்லி எந்த அதிகாரத்துல இருக்கு? காலையில எட்டு தின்னியே!" என்றார்கள்.

வார்டு முழுவதும் சிரித்தது. பையனும் சிரித்தான். ஆனாலும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க சொல்லுங்க ஐயரே" என்றான். (நம் திருநெல்வேலிச் சீமையில் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்பது வெளியூர் நண்பர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அதுவும் வேதத்தில் இல்லாத வழக்கம்தான்!)

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நாம் வீட்டில் செய்கிற இந்த வேடிக்கையான காரியங்கள் எங்கிருந்து வந்தன? எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்? அன்றைக்கு அவனுக்கு அரைகுறையாய்ச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தேதி

டிசம்பர் 25 என்ற தேதியே வேதாகமத்தில் இல்லை. கி.பி. 336 ஆம் ஆண்டில் ரோமாபுரிச் சபை அந்த நாளில் பண்டிகை கொண்டாடியதாகப் பழைய அட்டவணை ஒன்றில் காண்கிறோம். அர்மேனிய சபையார் இன்றும் ஜனவரி 6 ஆம் தேதியில் கொண்டாடுகிறார்கள். ரஷ்ய சபையாருக்குப் பழைய காலண்டரின்படி ஜனவரி 7. ஆகவே பிள்ளைகள், "இயேசுவின் பிறந்த நாள் இதுதானா?" என்று கேட்டால், "பிறந்தது நிச்சயம், தேதி சபை வைத்தது" என்று சொல்லிவிடலாம். நம் ஊரில் எத்தனையோ தாத்தாக்களின் பிறந்த தேதி பள்ளிக்கூடத்து வாத்தியார் வைத்ததுதான். அதனால் அவர்கள் பிறக்காதவர்கள் ஆகிவிடவில்லையே!

எலும்பு தெரிந்த நட்சத்திரம்

நட்சத்திரத்துக்கு வேதத்தில் ஆதாரம் உண்டு, மத்தேயு 2 ஆம் அதிகாரம். அதை மூங்கில் பிளாச்சில் கட்டி வாசலில் தொங்கவிடச் சொல்லும் வசனம்தான் இல்லை.

இப்போது கடைகளில் கிடைக்கும் மடக்கு நட்சத்திரங்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஜெர்மனி தேசத்தில் நீஸ்கி என்ற ஊரில், மொரேவிய சபையார் நடத்திய ஆண்பிள்ளைகளின் பள்ளியில், 1830களில் கணக்குப் பாடத்துக்காகப் பல முனைகளுள்ள காகித நட்சத்திரம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஜியோமிதி சரியாக வராத பிள்ளைகளுக்குக் கையால் செய்து புரியவைக்கிற முறை அது. கணக்குப் பாடம் உலகமெல்லாம் வீட்டு வாசலில் தொங்கும் என்று அந்த வாத்தியார் நினைத்திருக்கமாட்டார்.

நம் பக்கத்து நட்சத்திரத்துக்குக் கணக்கு தேவைப்படவில்லை. மூங்கிலைச் சீவி, சணல் நூலால் ஐந்து முனை கட்டி, மைதாப் பசை காய்ச்சி, கலர் தாள் ஒட்டி, நடுவில் பல்பு வைப்போம். பாதிப் பசையை வீட்டுக் கோழி தின்றுவிடும். மீதியில் ஒட்டியதை மழை நனைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஜில்லாவுக்கு வருகிற மழையல்லவா? பெத்லகேம் நட்சத்திரம் சாஸ்திரிகளுக்கு முன்னே சென்றது. எங்கள் வீட்டு நட்சத்திரம் சாக்கடையில் மிதந்து எங்களுக்கு முன்னே சென்ற வருஷங்கள் உண்டு.

எக்ஸ்ரே படங்கள் பிலிமில் எடுக்கப்பட்ட காலத்தில், மழைக்குத் தாங்குமே என்று ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் பழைய கழிவுப் பிலிம்களை வெட்டி நட்சத்திரத்துக்கு ஒட்டினார். மழைக்குத் தாங்கியது உண்மைதான். ஆனால் இரவில் விளக்கைப் போட்டதும், யாரோ ஒரு புண்ணியவானுடைய விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன! அதைப் பார்த்த ஒரு பெரியவர், "நம்ம நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு காட்டுதாங்க" என்றார். நான் அந்த வருஷம் சொன்ன பிரசங்கத்தைவிட அது நல்ல பிரசங்கம்.

பலகார அடுப்பு

டிசம்பர் 15 தாண்டினால் நம் தெருக்களில் எண்ணெய் காய்கிற வாசனை வரும். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம், கல்கல், கை முறுக்கு. இவற்றில் முந்திரிக்கொத்துக்குப் பெயர்தான் பெரிய புதிர். அதில் முந்திரிப் பருப்பு ஒன்றுகூடக் கிடையாது. வறுத்து உடைத்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், ஏலக்காய், சுக்கு இவற்றைக் கருப்பட்டிப் பாகில் பிசைந்து, உருண்டை பிடித்து, அரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விடுவார்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குலைபோல வரும். முந்திரி என்பது முன்னே கொடிமுந்திரியாகிய திராட்சையின் பெயர். நாம் இன்று முந்திரி என்று சொல்லுகிற மரத்தைப் பிரேசில் தேசத்திலிருந்து கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர், அதுவும் 16 ஆம் நூற்றாண்டில். ஆகவே முந்திரிக்கொத்து என்றால் திராட்சைக் குலை என்று பெரியவர்கள் பொருள் சொல்லுவார்கள். எஸ்கோல் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு பேர் ஒரு குலையைத் தடியில் கட்டிச் சுமந்து வந்தார்கள் என்று எண்ணாகமத்தில் வாசிக்கிறோம். ஐயரம்மா செய்கிற முந்திரிக்கொத்தும் சில வருஷம் அந்தக் கனம் இருக்கும். இதை நான் எழுதியது அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

அச்சுமுறுக்குக்கு இன்னும் தூரத்துச் சொந்தக்காரர்கள் உண்டு. அதே பூ அச்சை மாவில் முக்கி எண்ணெயில் உதறும் பலகாரம் ஸ்வீடன், நார்வே தேசங்களிலும் கிறிஸ்மஸுக்குச் செய்யப்படுகிறது. இலங்கையில் அதற்குக் கொக்கிஸ் என்று பெயர். டச்சுக்காரர் பலகாரத்துக்குச் சொன்ன பெயரிலிருந்து வந்தது. அங்கே சிங்கள மக்கள் அதைச் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்கிறார்கள். கல்கல் என்பது கோவாவில் கிறிஸ்மஸ் பலகாரம். அங்கே கொங்கணியில் அதன் பெயர் 'கிடியோ', அதாவது புழுக்கள்! வரி விழுவதற்காக முள்கரண்டியின் பின்புறத்தில் உருட்டுவார்கள். முள்கரண்டி இல்லாத வீடுகளில் புதுச் சீப்பு வாங்கி உருட்டுவது உண்டு. புதுச் சீப்புதானா என்று விருந்தாளிகள் கேட்பதில்லை. அது விசுவாசத்தினால் சாப்பிட வேண்டிய பலகாரம்.

கேக் நம்மிடம் வந்தது பிந்தித்தான். 1883 ஆம் ஆண்டில் தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர், மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி காட்டிய மாதிரியைப் பார்த்துக் கிறிஸ்மஸ் கேக் செய்தார் என்பது பிரசித்தம். நம் பனங்காட்டுக் கிராமங்களிலோ அந்நாட்களில் கருப்பட்டிதான் இனிப்பு. பனையேறிகள் வெயில் காலத்தில் பதனீர் இறக்கிக் காய்ச்சிய கருப்பட்டியைப் பரணில் புகை படும்படி சேமித்துவைத்தால், மழைக்காலத்துப் பண்டிகைக்கு உதவும். கிறிஸ்மஸ் பலகாரம் உண்மையில் ஏப்ரல் மாதத்திலேயே பனையின் உச்சியில் ஆரம்பித்துவிடும். உயிரைப் பணயம் வைத்து ஏறிய ஒருவருடைய உழைப்பு அந்த இனிப்பில் இருந்தது. அதை மறக்கக்கூடாது.

இங்கே ஆஸ்பத்திரிக்காரனாக ஒரு வார்த்தை சொல்லி மேலே போகிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் எண்ணெய் தெறித்துச் சுட்டுக்கொண்டவர்களும், நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறி விழுந்தவர்களும், ஈரக் கையோடு ஒயரைத் தொட்டவர்களும் எங்களிடம் வருகிறார்கள். எண்ணெய் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். மை, பற்பசை, மாவு, எதையும் தடவ வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வாணலியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூடுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு: கருப்பட்டியும் சர்க்கரைதான். "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது ஐயரே" என்று சொல்லுகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். டாக்டர் அம்மா என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி என்னை மனந்திரும்பச் செய்தார்கள்.

தாத்தாவின் தாடி

கேரல் பவனி வருகிற இரவுகளில் தெரு நாய்களுக்கும் பாடகர் குழுவினருக்கும் போட்டி நடக்கும். முன்னே பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதன் பின்னே மேளம், அதன் பின்னே காணிக்கைப் பை, எல்லாருக்கும் நடுவில் கிறிஸ்மஸ் தாத்தா. ஒரு வீட்டில் காப்பி, அடுத்த வீட்டில் சுக்குக் காப்பி, அதற்கடுத்த வீட்டில் மறுபடியும் காப்பி. நடுச்சாமத்துக்குமேல் சுதி ஏறுகிறதற்குக் காரணம் ஆவிக்குரிய உற்சாகம் மாத்திரம் அல்ல.

தாத்தாவின் மூலபுருஷர் நிக்கோலாஸ் என்ற கண்காணியார். இன்றைய துருக்கி தேசத்திலுள்ள மீரா பட்டணத்தில் 4 ஆம் நூற்றாண்டில் ஊழியம் செய்தவர். ஏழைகளுக்கு இரகசியமாகக் கொடுத்தவர் என்று பேர்பெற்றவர். அவருடைய நாள் டிசம்பர் 6. இன்றைய தொப்பையும் தாடியும் அமெரிக்காவில் தாமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் 1863 முதல் வரைந்த படங்களால் பரவின. அந்தக் குளிர்தேசத்துக் கம்பளி அங்கியை, ஈரமும் புழுக்கமுமான நம் ஊரில், வயிற்றில் தலையணை கட்டி, பஞ்சுத் தாடி ஒட்டி, ஒரு வாலிபன் மூன்று மணி நேரம் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். இதைவிடப் பெரிய தியாகத்தை நம் வாலிபர் சங்கம் கேட்பதில்லை.

ஒரு வருஷம் எங்கள் பிள்ளைகள் வார்டுக்கு நானே தாத்தாவாகப் போனேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று உள்ளே நுழைந்தேன். முதல் கட்டில் பிள்ளை வீறிட்டது. அடுத்த கட்டில் பிள்ளையும் வீறிட்டது. புது வேஷத்தில் ஊசி போட வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்! தாடியைக் கழற்றி என் வழுக்கைத் தலையைக் காட்டிய பிறகுதான் சமாதானம் உண்டாயிற்று.

தாத்தாவின் இரகசியக் கொடை நர்சிங் மாணவிகளின் விடுதியில்தான் சரியாக நடக்கிறது என்பது என் எண்ணம். கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு என்று ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யார் பெயர் வந்ததோ அந்தப் பிள்ளைக்கு இவள் இரகசியத் தாய். தலையணைக்குக் கீழே மிட்டாய் வைப்பாள். சீட்டும் வைப்பாள்: இன்றைக்கு ஒற்றைச் சடையில் இரண்டு நிற ரிப்பன் கட்டு, மெஸ்ஸில் எல்லாரும் கேட்கப் பாடு என்று கட்டளை இருக்கும். பண்டிகைக்கு முன் ஒருநாள் யார் யாருக்குத் தாய் என்று வெளியாகும். வீட்டை விட்டு முதல் தடவை வந்த பிள்ளைகள், இராத்திரி அழாமல் தூங்குவதற்கு இந்த விளையாட்டு எவ்வளவோ உதவுகிறது என்று விடுதி அம்மா சொல்லுவார்கள்.

சவுக்கு மரமும் ஒட்டகச்சிவிங்கியும்

கிறிஸ்மஸ் மரத்தை மார்ட்டின் லூத்தர் ஏற்படுத்தினார் என்று ஒரு கதை உண்டு. அதற்குச் சரித்திர ஆதாரம் இல்லை. ஜெர்மானிய வீடுகளில் 16 ஆம் நூற்றாண்டிலிருந்தே மரம் வைக்கும் வழக்கம் இருந்தது. 1848 ஆம் ஆண்டில் விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தபின், இங்கிலாந்து வீடுகளிலும் அது பரவியது. அங்கே ஊசியிலை மரம். நமக்கு அது ஏது? சவுக்குக் கிளையை வெட்டி, மண் நிரப்பிய வாளியில் நட்டு, பனி என்று பஞ்சைப் பிய்த்து வைத்தோம். பனியை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள் பஞ்சுப் பனியை எவ்வளவு கவனமாக வைப்பார்கள் தெரியுமா!

குடில் 1223 ஆம் ஆண்டில் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் உண்டாக்கியது. அவர் பொம்மை வைக்கவில்லை. உண்மையான மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டுவந்து வைத்தார். லூக்காவில் மாடும் கழுதையும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அவை ஏசாயா முதல் அதிகாரத்திலிருந்து நடந்து வந்து சேர்ந்தவை.

நம் வீட்டுக் குடில்களில் சாக்கைக் களிமண்ணில் முக்கி மலை செய்வார்கள். பத்து நாளைக்கு முன்னே கேழ்வரகு விதைத்துப் புல்வெளி வளர்ப்பார்கள். மதுரைக்கு அடுத்த விளாச்சேரியில், நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்கிற அதே கைகள்தான் மரியாளையும் யோசேப்பையும் செய்கின்றன. பிறகு வீட்டுச் சிறுபிள்ளைகள் தங்கள் பங்கைச் சேர்ப்பார்கள். அதனால் நம் பெத்லகேமில் புலி இருக்கும், ஒட்டகச்சிவிங்கி இருக்கும், ஒரு பிளாஸ்டிக் ரயிலும் ஓடும். ஒரு வீட்டில் மேய்ப்பர்களுக்குப் பின்னால் கிரிக்கெட் வீரர் ஒருவர் மட்டையோடு நின்றார். "இவர் யார் தம்பி?" என்று கேட்டேன். "அவரும் பாக்க வந்திருக்காரு" என்றான். சகல ஜனத்துக்கும் உண்டான நற்செய்தி என்பதை அவன் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறான். அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சத்திரமா, வீடா?

இனி ஒரு முக்கியமான காரியம். நம் பழைய மொழிபெயர்ப்பில், சத்திரத்தில் இடமில்லாததால் பிள்ளையை முன்னணையில் கிடத்தினார்கள் என்று இருக்கிறது. உடனே நம் ஓய்வுநாள் பள்ளி நாடகத்தில், ஒரு முரட்டுச் சத்திரக்காரன் கதவைச் சாத்துவான். அந்த வேஷத்துக்குத்தான் பையன்களிடையே அடிபிடி. ஆனால் லூக்காவில் சத்திரக்காரன் கிடையாது.

கிரேக்கத்தில் அங்கே வருகிற சொல் 'கத்தாலுமா'. அதே சொல்லை லூக்கா 22 ஆம் அதிகாரத்திலும் எழுதுகிறார். அங்கே ஆண்டவர் சீஷரோடு பஸ்கா புசித்த விருந்தறைக்கு அந்தப் பெயர். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரத்துக்கோ லூக்கா 10 இல் வேறு சொல் இருக்கிறது. ஆகவே லூக்கா சொல்லுவது விருந்தாளிகளுக்கான அறை என்று வேதபண்டிதர் பலர் கருதுகிறார்கள். யோசேப்பு தன் சொந்த ஊருக்குத்தான் போகிறார். குடிமதிப்புக்காக உறவினர் எல்லாரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். விருந்தறை நிரம்பிவிட்டது. அத்தேசத்து எளிய வீடுகளில் ஆடுமாடுகளை இரவில் வீட்டின் ஒரு பக்கத்திலேயே கட்டுவார்கள். தீவனத் தொட்டியாகிய முன்னணை வீட்டுக்குள்ளேயே இருக்கும். நம் பழைய கிராமத்து வீடுகளில் தொழுவமும் அடுப்படியும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அப்படியானால் முதல் கிறிஸ்மஸ் இரவில், கதவைச் சாத்தினவர்களைவிட, கொஞ்சம் நகர்ந்து படுத்தவர்களே அதிகம் இருந்திருக்கலாம். "இங்கே வாங்க, இந்தப் பக்கம் இடமிருக்கு" என்று யாரோ ஒரு அத்தையோ சித்தியோ சொல்லியிருக்கலாம். டிசம்பர் 24 ஆம் தேதி இரவு, பாயும் ஜமக்காளமும் போதாமல், கூடத்தில் பதினைந்து பேர் வரிசையாகப் படுத்து, நடுவில் யார் குறட்டை என்று தெரியாமல் கிடந்து, நாலு மணிக்குக் கோவில் மணி கேட்டு எழுந்திருக்கிற நம் வீடுகள் பெத்லகேமுக்குத் தூரமானவை அல்ல.

ஏனம் சும்மா வராது

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது 2023 ஆம் ஆண்டில்.

அந்த வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கடந்தது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதியும் வண்ணார்பேட்டையும் தண்ணீரில் நின்றன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நின்றுவிட, பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்துப் போட்டார்கள்.

எங்கள் தெரு ஆற்றுக்குப் பக்கம். எங்கள் வீடு கொஞ்சம் மேடு, மாடியும் உண்டு. 18 ஆம் தேதி விடியுமுன் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியில் எண்ணினால் எங்களோடு இருபத்துமூன்று பேர், இரண்டு ஆடு, ஒரு கூண்டுக் கிளி. கரண்டு இல்லை, போன் இல்லை, அடுப்பங்கரையில் முழங்கால் அளவு தண்ணீர். மாடிக்கு ஏற்றியிருந்த ஒரே ஆகாரம், ஐயரம்மா பண்டிகைக்கென்று செய்து வைத்திருந்த பலகார டின்கள்.

ஐயரம்மா பலகார விஷயத்தில் கண்டிப்பானவர்கள். 25 ஆம் தேதி ஆராதனை முடியுமுன் எனக்கே ஒரு அச்சுமுறுக்கு கிடைக்காது. அன்றைக்கு அவர்களே டின்னின் மூடியைத் திறந்து, பிள்ளைகளுக்கு முதலில், பிறகு பெரியவர்களுக்கு என்று எண்ணிக் கொடுத்தார்கள். முந்திரிக்கொத்து காலை ஆகாரம், அதிரசம் மத்தியானம், கை முறுக்கு இராத்திரிக்கு. மறுநாளும் அப்படியே. தண்ணீர் வடிந்தபோது டின்னில் தூள்தான் மீதி. எங்கள் வீட்டுப் பண்டிகை ஒரு வாரம் முன்னதாகவே நடந்து முடிந்துவிட்டது.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு இந்து வீட்டிலிருந்தும், பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்தும், கிறிஸ்மஸுக்கு நம் வீட்டிலிருந்தும் பலகாரத் தட்டு போகும். அந்த ஏனத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். 2023 கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, யாருக்கும் அனுப்ப எங்களிடம் ஒன்றும் இல்லை. ஐயரம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. அப்போது பக்கத்து வீட்டு அக்கா, சேறு இன்னும் காயாத வாசலைத் தாண்டி வந்தார்கள். அவர்கள் வீட்டில் அரிசி, மாவு, துணிமணி எல்லாம் தண்ணீரில் போயிருந்தது. கையில் எங்கள் பலகார டின். அன்று பிள்ளைக்குப் பால் பொடி வைக்க எடுத்துக்கொண்டு போனதாம். உள்ளே கருப்பட்டிப் பாகில் பிடித்த பொரி உருண்டைகள். "ஏனம் சும்மா வரக்கூடாதுல்லா ஐயரம்மா" என்றார்கள். கார்த்திகைக்குத்தான் இதைச் செய்வது வழக்கம் என்றும், இந்த வருஷம் உங்கள் பண்டிகைக்கு இதுதான் முடிந்தது என்றும் சொல்லிச் சிரித்தார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஐயரம்மா வழக்கப்படி எனக்கு எண்ணித்தான் கொடுத்தார்கள், இரண்டு உருண்டை.

பேரனுக்குப் பதில்

வார்டில் கேட்ட அந்தப் பையனுக்கு நான் சொன்னது இதுதான். "தம்பி, நீ சொல்லுவது சரி. நட்சத்திரமும் பலகாரமும் நம்மை இரட்சிக்காது. கடன் வாங்கிச் செய்ய வேண்டிய அவசியம் எதற்கும் இல்லை. அடுத்த வீட்டாருக்குக் காட்டுவதற்காகச் செய்தால் அது வீண்தான். ஆனால் ஒரு வழக்கம், வீட்டுக் கதவைத் திறக்கிறதா, சாத்துகிறதா என்று பார். கதவைத் திறக்கிற வழக்கமானால், அதை வைத்துக்கொள்ளலாம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் போனபோது ஆச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில், குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற கம்பியில், மருந்துப் பெட்டி அட்டையில் வெட்டிய ஒரு நட்சத்திரம் தொங்கியது. ஐந்து முனையில் ஒன்று கோணல். நர்சிங் மாணவிகள் கலர் தாள் கொடுத்திருக்கிறார்கள். ஆச்சி, "கணக்குல இவன் மோசம்லா ஐயரே, அதான் கோணிப்போச்சு" என்றார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா, தன் கம்பிக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு, பண்டிகைக்குள் அந்த வரிசையில் ஏழு கட்டிலுக்கும் அவனே வெட்டிக் கட்டினான். அவர்களில் நாலு பேர் கிறிஸ்தவர்கள் அல்ல.

ஆச்சி ஜனவரி முதல் வாரத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனார்கள். நட்சத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அடுத்து அந்தக் கட்டிலுக்கு வருகிறவருக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷமும் பண்டிகை நாளில் வீட்டுக்குப் போக முடியாத வியாதியஸ்தர் நம் வார்டுகளில் இருப்பார்கள். அவர்களைக் கவனிக்கிற டாக்டர்களும் நர்சுகளும் ஊழியர்களும் தங்கள் வீட்டுப் பந்தியை விட்டு வந்திருப்பார்கள். உங்கள் வீட்டில் பாய் விரித்து, டின் திறந்து, எல்லாரும் சேர்ந்து உட்காரும்போது, ஒரு நிமிஷம் அவர்களையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்குத் தட்டு அனுப்ப மறக்காதீர்கள். ஒட்டகச்சிவிங்கியைக் குடிலிலிருந்து எடுக்காதீர்கள்.

நமக்காக ஒரு நெருக்கமான வீட்டில் வந்து இடம் பெற்றுக்கொண்ட ஆண்டவர், உங்கள் வீட்டிலும் தங்கி உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆஸ்பத்திரி குருவானவர்